கிட்டார் பழகப் பொறுமை இல்லையா? நம்ம கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் புதிதாகக் கிட்டார் எடுத்தவர்கள் முதல் ஆறேழு மாதத்தில் கேட்கும் கேள்விகள் இவை. முக்கால்வாசிப் பேர் "எனக்குப் பொறுமை பத்தாது மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். நான் அதை உடனே நம்புவதில்லை. முதலில் கிட்டாரை வாங்கிப் பார்ப்பேன். அப்புறம் என்ன பாட்டு எடுத்திருக்கிறார், எந்த நேரத்தில் உட்காருகிறார் என்று கேட்பேன். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் பொறுமையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது.

விரல் நுனி எரிகிறது. இது எத்தனை நாளைக்கு?

தினமும் கொஞ்சமாவது வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் நுனித்தோல் தடித்துவிடும். ஒரு நாள் விட்டு இரண்டு நாள் விட்டு வாசித்தால் அந்தத் தோல் உருவாக வெகுநாள் ஆகும், எரிச்சலும் நீளும். எரிச்சல் அதிகமானால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துக் கொப்புளம் வந்தால் அடுத்த ஒரு வாரம் போய்விடும்.

கயிறு இழுத்துக் காய்ப்புக் காய்த்த கை இருக்கிறதே, நமக்கு எரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். கயிற்றின் காய்ப்பு உள்ளங்கையிலும் விரல் அடியிலும் இருக்கும். கிட்டாருக்கு வேண்டியது நகத்துக்குக் கீழே இருக்கும் நுனி. அங்கே மீனவர் கையும் மாணவர் கையும் ஒன்றுதான். இன்னொன்று, கடலிலிருந்து வந்த உடனேயோ குளித்த உடனேயோ வாசிக்காதீர்கள். தண்ணீரில் ஊறிய தோலைக் கம்பி கிழித்துவிடும். அரைமணி நேரமாவது காயட்டும். பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கும் இதையேதான் சொல்வேன். பாறையில் கீறிய விரல் ஆறாமல் கம்பியைத் தொட வேண்டாம்.

நுனியில் எரிவது சாதாரணம். மணிக்கட்டில் வலி, விரல் மரத்துப்போவது, முழங்கை வரை இழுப்பது, இவை சாதாரணம் அல்ல. அப்படி வந்தால் உட்காரும் விதம் தப்பு, அல்லது கிட்டாரின் கழுத்தைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கையைக் காட்டுங்கள்.

தப்பு என்னிடமா, கிட்டாரிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று போதும். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு. தலைப்பக்கத்திலிருந்து எண்ணிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை வைத்து, ஃப்ரெட் கம்பிக்கும் வாசிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. நான்கு மில்லிமீட்டர் இருக்கிறதா? அப்படியானால் பல வருடம் வாசித்தவருக்கே அதில் கை வலிக்கும். மலிவு விலையில் வரும் கிட்டார்கள் நிறைய இந்த நிலையில்தான் கடையை விட்டு வெளியே வருகின்றன. "வாங்கிக் கொடுத்தோம், ஒரு மாதத்தில் மூலையில் போட்டுவிட்டான்" என்று பெற்றோர் திட்டும் கிட்டார்களில் பலவற்றை நான் எடுத்துப் பார்த்தால் கம்பி அவ்வளவு உயரத்தில் நிற்கும். பையனைச் சொல்லிப் பயன் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியும். கிட்டார் உடம்பின் மேல் கம்பிகள் கட்டப்படும் பாலத்தில், அவை உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதல்லவா, அதன் அடியைத் தேய்த்து உயரம் குறைப்பார்கள். தலைப்பக்கத் துண்டின் பள்ளங்களையும் பார்ப்பார்கள். கழுத்துக்குள் இரும்புக்கோல் உள்ள கிட்டாராக இருந்தால் அதைத் திருப்பிக் கழுத்தின் வளைவை நேராக்குவார்கள். கிட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தக் கோலை வீட்டில் நீங்களே திருகிப் பார்க்க வேண்டாம்.

கம்பியின் தடிமனும் முக்கியம். முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ள செட் போட்டிருந்தால் 0.010 செட்டுக்கு மாறுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், அழுத்துவது கண்டிப்பாக லேசாகும். நைலான் கம்பி கிட்டார் இன்னும் மென்மை, ஆனால் அதன் கழுத்து அகலம். ஒரு எச்சரிக்கை: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். ஸ்டீல் கம்பியின் இழுவிசை மிக அதிகம், பாலம் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

அப்புறம் ட்யூனிங். புதுக் கம்பி முதல் சில நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். சரியான இடத்தில் விரல் வைத்தும் சத்தம் கோணலாக வந்தால் பழகுகிறவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஃபோனில் ட்யூனரைத் திறந்து ஆறு கம்பியையும் பாருங்கள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வாசிப்பது கஷ்டமாகத் தெரிகிறதே?

மனப்பிரமை இல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். மேல் பலகை லேசாக எழும்ப, அதோடு பாலமும் எழும்பும், கம்பியும் உயரும். கிட்டார் செய்கிறவர்கள் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். நம் கரையில் அப்படி ஒரு நாளை வெயில் காலத்திலேயே தேட வேண்டும். பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள். மழை விட்டதும் கம்பி உயரத்தை ஒருதரம் அளந்து பாருங்கள்.

கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது. என்ன செய்ய?

உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், அதனால் கம்பி காயவே காயாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு மேலும் கீழும் ஓடவிட்டுத் துடையுங்கள். வாசிக்கும் முன் கை கழுவித் துவட்டுங்கள். கோட்டிங் உள்ள கம்பிகள் விலை கூடுதல்தான், ஆனால் கரையோரத்தில் அவை சாதாரணக் கம்பியை விட வெகுநாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம், தூசியும் மணலும் ஒட்டிச் சத்தம் செத்துப்போகும்.

தினமும் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்?

பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதை விடத் தினமும் பதினைந்து நிமிடம் பலமடங்கு மேல். விரல் அசைவு என்பது தூக்கத்தில் படிகிற சமாச்சாரம். நேற்று மாலை வராத ஒரு மாற்றம் இன்று காலை தானாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஏழு தூக்கம் கிடைக்கிற வாரத்தை ஒரு தூக்கமாக ஏன் சுருக்க வேண்டும்?

அந்தப் பதினைந்தையும் பிரித்துக்கொள்ளலாம்: ட்யூனிங் போக, வராத ஒரே ஒரு விஷயத்துக்கு ஐந்து நிமிடம், மீதி முழுக்கத் தெரிந்த பாட்டு. பலரும் செய்வது என்னவென்றால், வராததையே முக்கால் மணி நேரம் அடித்து, கசந்துபோய் எழுந்துவிடுவது. கடைசியில் வாசித்தது என்னவோ அந்த ருசிதான் அடுத்த நாள் வரை நாக்கில் இருக்கும். அதனால் தெரிந்த பாட்டோடு முடியுங்கள்.

கிட்டாரைப் பையில் வைத்து ஜிப் போட்டு அலமாரி மேல் ஏற்றினால் பாதி நாள் இறக்க மாட்டீர்கள். மழையில்லாத மாதங்களில் கண்ணில் படுகிற இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மாட்டிவையுங்கள்.

நான் விசைப்படகில் போகிறேன். நேரமே அமையவில்லை.

தினமும் என்று நான் மேலே சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. வாரத்தில் சில நாள் இரவெல்லாம் கடலில், திரும்பிய நாள் தூக்கம். அந்த நாள்களைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். கரையில் இருக்கும் நாள்களில் மட்டும், காலை டீக்கு அப்புறம் என்பது போல ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கடிகார நேரம் குறித்தால் நம் பிழைப்பில் அது நிற்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் உங்களுக்குக் கிடைத்த வரம். புதிய விஷயம் எல்லாம் அப்போது எடுங்கள். இ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி என்று ஐந்து கார்டும் (கார்டு என்பது சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி விரல் வைக்கும் பிடி) இரண்டு முழுப் பாட்டும் அதற்குள் கைக்கு வந்துவிடும். மற்ற மாதங்களில் புதிதாக ஒன்றும் தொடாமல், கற்றதை மறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, படகு கரையில் கிடக்கும் நாள்களும் உண்டு. சும்மா இருக்கும் கை எரிச்சலோடு இருக்கும், அதற்குக் கிட்டார் நல்ல மருந்து.

கிட்டாரைப் படகில் கொண்டுபோகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடவே கூடாது.

ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பாட்டு நின்றுவிடுகிறது. எரிச்சலாக வருகிறது.

தொடக்கத்தில் ஆட்கள் விட்டுப்போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் வையுங்கள், அதாவது நொடிக்கு ஒரு அடி. நான்கு அடிக்கு ஒருமுறை கார்டு மாறும் பாட்டு என்றால் நிமிடத்துக்கு 15 மாற்றம்தான் தேவை. உங்கள் ஃபோனில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, ஏ மைனர், இ மைனர் இரண்டுக்கும் நடுவே எத்தனை தடவை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். முதல் நாள் எட்டு வரும், பத்து வரும். முப்பது வந்துவிட்டால் மெதுவான பாட்டுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு உங்கள் கையில் இருக்கிறது. எண்ணிக்கையைக் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். "வளர்ச்சியே இல்லை" என்று மனசு சொல்லும்போது அந்தத் தாள் வேறு பதில் சொல்லும்.

இரண்டாவது, எல்லா விரலையும் தூக்காதீர்கள். ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில். சி மேஜரிலும் அந்த இரண்டு விரலும் அதே இடம்தான். மோதிர விரல் மட்டும் மூன்றாவது கம்பியிலிருந்து ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் மாற்றம். இ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போக, அதே உருவத்தை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கினால் போதும். எந்த இரண்டு கார்டை எடுத்தாலும் அசையாத விரல் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இடது கை தாமதமானாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். கார்டு அரைகுறையாக விழட்டும், திறந்த கம்பிகள் ஒலிக்கட்டும், தாளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கிறவர்கள் தப்பான சுரத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தாளம் நின்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். முளைப்பாரிக் கும்மியில் சிறுமிக்குப் பாட்டு வரி மறந்தாலும் கைத்தட்டு விடாமல் சுற்றி வருவாள். அதுபோல.

எஃப் மேஜர் வரவே இல்லை. எனக்குக் கை சின்னதோ?

கை அளவு காரணமில்லை. எஃப் ஒரு பார் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிப்பது. அதை வைக்க மிகக் கடினமான இடம் முதல் ஃப்ரெட், ஏனென்றால் தலைப்பக்கத் துண்டு பக்கத்திலேயே இருப்பதால் கம்பி அங்கே விறைப்பாக இருக்கும். அதே உருவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துப் பழகுங்கள், அங்கே அது ஏ மேஜர். வந்ததும் வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்குங்கள்.

ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் கையை உடைத்துக்கொள்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்தாவது கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டிக்கு மிஞ்சுவது ஒன்று, இரண்டு, ஆறு மட்டுமே. விரலின் சதைப்பக்கத்தை விட எலும்புப் பக்கம், கட்டைவிரலை நோக்கிய ஓரம், கம்பியில் படட்டும். அதுவரை பாட்டில் எஃப் வந்தால் மெல்லிய நான்கு கம்பியை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள்.

கார்டு, ஸ்ட்ரம்மிங் எல்லாம் சலித்துவிட்டது. வேறு ஏதாவது?

கர்நாடக சங்கீதத்தின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை ஒரே கம்பியில் வாசியுங்கள். முதல் கம்பியைச் சும்மா தட்டினால் ச. அதன் ராகமான மாயாமாளவகௌளைக்கு ரி முதல் ஃப்ரெட், க நான்காவது, ம ஐந்தாவது, ப ஏழாவது, த எட்டாவது, நி பதினொன்றாவது, மேல் ச பன்னிரண்டாவது. ஒரு விரல் போதும், வலியும் குறைவு. வாயால் பாடிக்கொண்டே வாசித்தால் காது திறக்கும். கார்டு பழகிக் களைத்த வாரத்தில் இதை மட்டும் செய்தாலும் அந்த வாரம் வீண் இல்லை.

முதலில் எந்தப் பாட்டு எடுப்பது?

உங்களுக்குப் பிடித்த பாட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது: உங்களுக்கு மனப்பாடமான, மூன்று கார்டுக்கு மேல் இல்லாத, மெதுவான பாட்டு. நம்மில் பலர் கிட்டார் வாங்குவதே எண்பதுகளில் வந்த சினிமாப் பாட்டு ஒன்றின் தொடக்க வாசிப்பைக் கேட்டுத்தான். அதை வாசித்தவர்கள் பல வருடம் உழைத்த ஸ்டுடியோ கலைஞர்கள். அதை முதல் மாதம் எடுத்தால் மூன்றாவது மாதம் கிட்டார் விற்பனைக்கு வரும். ஆசையை விட வேண்டாம், தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளை முயன்று பாருங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, ஒரே கார்டு அல்லது இரண்டு கார்டில் முழுப் பாட்டையும் கொண்டுபோகலாம். பாடுவதற்குத் தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால் உங்களுக்கு அதை விட நல்ல துணை கிடைக்காது. பாடகர் குரல் உயரத்துக்கு உங்கள் கார்டு ஒத்துவரவில்லை என்றால் கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்தும்படி மாட்டும் கேபோ என்ற கிளிப்பை நகர்த்திக்கொள்ளுங்கள், கார்டு உருவம் மாற வேண்டியதில்லை.

யூடியூப் போதுமா, மாஸ்டர் வேண்டுமா?

யூடியூபில் கற்றுத் தேறியவர்கள் உண்டு. அதில் பெரிய ஆபத்து, ஆள் மாற்றிக்கொண்டே போவது. ஒருவரின் தொடக்கநிலை வரிசையைத் தேர்ந்தெடுத்து, சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிவைத்து, அதை முடிக்கும் வரை வேறு காணொளி பார்க்காதீர்கள். ஆனால் உங்கள் மணிக்கட்டு வளைவதைத் திரை பார்க்காது. மாதம் ஒருமுறையாவது ராமநாதபுரம் போய்வரும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கையைக் காட்டிவிடுங்கள்.

பகலில் வீட்டில் தூங்குகிறார்கள், ராத்திரி அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறார்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில் கம்பிகளின் அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். "டக் டக்" என்று மட்டும் கேட்கும். கார்டு மாற்றத்துக்குச் சத்தமே வேண்டாம், இடது கை மட்டும் போதும்.

எனக்கு விரலில் பழைய காயம். வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. நடக்குமா?

ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்று ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர் இருந்தார். 1928-இல் அவருடைய வண்டிவீட்டில் தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக மடங்காமல் போயின. தனி வாசிப்பை இரண்டு விரலில் வாசித்தார். இன்றும் ஜாஸ் கிட்டார் பழகுகிறவர்கள் அவரைக் கேட்காமல் போவதில்லை. உங்கள் காயத்துக்கு எந்தக் கார்டு உருவம் ஒத்துவரும் என்று உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வயதைப் பற்றிச் சொன்னால், விரல் கொஞ்சம் மெதுவாகப் பழகும், தாள அறிவு இளைஞர்களை விடக் கூடுதலாக இருக்கும். வெட்கம்தான் பெரியவர்களுக்கு உண்மையான தடை. கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள்.

நான்கு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

மாதத்தின் முதல் தேதியில் அதே பாட்டை ஃபோனில் பதிவுசெய்து தேதி போட்டு வையுங்கள். தன் வாசிப்பைத் தினமும் கேட்கிறவருக்கு மாற்றம் தெரியாது, மூன்று மாதம் முந்தையதைக் கேட்டால் தெரியும். அப்படியும் மாற்றம் இல்லை என்றால் நீங்கள் தெரிந்ததை மட்டுமே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடக் கடினப் பகுதி எங்கே போனது என்று பாருங்கள்.

இதைத் தாண்டி எனக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பது. பங்குக் கோவில் பாடகர் குழு இருக்கிறது, கல்லூரி விழா இருக்கிறது, நண்பன் தட்டும் கஹோன் என்ற மரப்பெட்டித் தாளக் கருவி இருக்கிறது. குழுவில் சேர்ந்ததும் முன்வரிசையில் உட்கார வேண்டாம். பின்னால் உட்கார்ந்து, தெரிந்த கார்டு வரும்போது மட்டும் தட்டுங்கள். அடுத்த ஞாயிறு ஒருவர் நம்மை எதிர்பார்ப்பார் என்பதற்காகவே வாரம் முழுக்கக் கை கிட்டாரைத் தேடும்.

டிரினிட்டி தேர்வு எழுதினால் உற்சாகம் வருமா?

சிலருக்கு வரும். லண்டன் டிரினிட்டி காலேஜ் தேர்வுகள் தொடக்கநிலை முதல் எட்டாவது கிரேடு வரை உண்டு. கிளாசிக்கல் கிட்டார் தனி, ராக் அண்ட் பாப் கிட்டார் தனி. கார்டு அடித்துப் பாட மட்டும் ஆசை என்றால் முதல் வருடம் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் எண்ணம். தேர்வுப் பாடமும் உங்கள் ஆசையும் வேறு வேறு திசை.

பையனுக்கு ஏழு வயது. பெரிய கிட்டாரே வாங்கிவிடலாமா, வளர்ந்ததும் உதவுமே?

வேண்டாம். அரை அளவு அல்லது முக்கால் அளவு, நைலான் கம்பி.

எல்லாம் செய்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா?

விடலாம், குற்றம் ஒன்றும் இல்லை. கம்பி உயரத்தைச் சரிசெய்து, எளிய பாட்டு எடுத்து, ஒரு தடைக்காலம் முழுக்கப் பார்த்தும் கை போகவில்லை என்றால் உங்களுக்கு வேறு ஏதோ இருக்கிறது. தபேலாவோ கீபோர்டோ பாட்டோ. விற்பதானால் புதுக் கம்பி மாட்டி, ட்யூன் செய்துவிட்டுக் காட்டுங்கள், நல்ல விலை கிடைக்கும். விற்க மனமில்லாமல் வைத்திருப்பதானால் கம்பிகளை ஒரு சுற்றுத் தளர்த்திப் பையில் போடுங்கள். பாடகர் குழுவில் கேட்கிற பிள்ளை எப்படியும் ஒன்று இருக்கும், இரவல் கொடுத்தாலும் சரி.